அண்ணன் தம்பி கேட்ட இணையத்தளம்

நான் ஓய்வுபெற்ற நாளில் அலுவலகத்தில் கறி பஃப்பும் கேக்கும் வாங்கி வைத்திருந்தார்கள். முதலாளி நாலு வார்த்தை பேசினார், கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தபின், புதிதாகச் சேர்ந்திருந்த நிஷா தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிரேமாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் கஸ்டமர் ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணினா போதும், பத்து நிமிஷத்துல சாஃப்ட்வேரே வெப்சைட் போட்டுக் காட்டிடுது. நீங்க டிசைனரும் இல்ல, புரோகிராமரும் இல்ல. இத்தனை வருஷமா இங்க என்னதான் பண்ணீங்க?"

எனக்குக் கோபம் வரவில்லை. என் கணவர் கல்யாணமான நாளிலிருந்து இதைத்தான் வேறு மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறார்: "தூது போறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கிறாங்க?"

"பேசினேன்" என்றேன் நிஷாவிடம்.

"பேசுனீங்களா?"

"கடைக்காரர் சொல்றதை டிசைனருக்குச் சொன்னேன். டிசைனர் சொல்றதைக் கடைக்காரருக்குச் சொன்னேன். அவ்ளோதான்."

"அதை எழுதுங்கக்கா" என்றாள். சும்மா சொன்னாளோ என்னவோ, நான் எழுத உட்கார்ந்துவிட்டேன். சிங்கப்பூரின் மேற்கு மூலையிலிருக்கும் பூன் லேயிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குத் தினமும் ரயிலில் போய் வந்தவளுக்கு, காலை எட்டு மணிக்கு வீட்டில் சும்மா இருப்பது பெரிய தொல்லையாக இருக்கிறது.

என் பயிற்சிக்காலத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் பதினொரு வருடம் முன்மேசையில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதை அங்கே கற்றேன். அச்சகம் மூடியதும், இரண்டு தெரு தள்ளி மாடியில் இருந்த இணையத்தள வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்தேன். அப்போது எனக்குக் கணினியில் மின்னஞ்சல் அனுப்பத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

என்னை வேலைக்கு எடுத்தவர் குலசிங்கம் சார், எங்கள் மேலாளர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ஆங்கிலம் பேசினால் அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். தமிழ் பேசினால் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பார், என்னை 'நீர்' என்பார். முதலில் அந்த 'நீர்' எனக்கு அதட்டல் மாதிரிக் கேட்டது. போகப் போக அது அவருடைய மரியாதை என்று புரிந்தது.

அவர் வாடிக்கையாளர் பேச்சைக் கேட்கும் விதமே தனி. அவர்கள் பேசத் தொடங்கியதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர்கள் முடித்தபிறகும் பேசமாட்டார். ஐந்து விநாடி, பத்து விநாடி சும்மா இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் எதிரே இருப்பவர் இன்னொரு வாக்கியம் சொல்வார் பாருங்கள், முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கும். "கலர் எல்லாம் உங்க இஷ்டம் சார்" என்று அரைமணி நேரம் பேசியவர், அந்தப் பத்தாவது விநாடியில், "ஆனா பக்கத்துக் கடைக்காரன் பச்சை போட்டிருக்கான், பச்சை மட்டும் வேணாம்" என்பார்.

முதல் நாள் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடச் சொன்னார்.

"இடது பக்கத்தில் அவர் சொன்னதை எழுதும். அவர் சொன்ன மாதிரியே, அவருடைய சொல்லிலேயே. வலது பக்கத்தில் உமக்கு விளங்கினதை எழுதும். இரண்டையும் கலக்கக் கூடாது. புறப்படுறதுக்கு முன்னம் வலது பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டும்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். இது எவ்வளவு கஷ்டம் என்பது ஜூரோங் சங்கிலிக்காரர் வந்தபோது தெரிந்தது.

மிஸ்டர் டான் ஜூரோங்கில் கப்பல் பட்டறைகளுக்குச் சங்கிலியும் கம்பிக்கயிறும் விற்பவர். "வெப்சைட் பவர்ஃபுல்லா இருக்கணும் லா, ரொம்ப பவர்ஃபுல்" என்று சிங்கப்பூர் வழக்கப்படி 'லா' சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னார். நான் 'பவர்ஃபுல்' என்று இரண்டு பக்கத்திலும் எழுதிக்கொண்டு வந்து எங்கள் டிசைனர் ஃபைசலிடம் கொடுத்தேன். ஃபைசல் மலாய்க்காரப் பையன். கெட்டிக்காரன், சீக்கிரம் மனம் வாடுகிறவன். என்னை மலாய் வழக்கப்படி 'காக்' என்று அழைப்பான். அக்கா என்று அர்த்தம். தமிழ் வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டு ஜன்னலில் காக்கை வந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஃபைசல் ஒரு வாரம் உழைத்தான். கறுப்புத் திரை, அதில் மின்னல், மின்னலுக்கு நடுவே பெரிய சங்கிலி ஒன்று ஆடிக்கொண்டு வந்தது. எனக்கே புல்லரித்தது. மிஸ்டர் டான் பார்த்தார், தலையைச் சொறிந்தார், "நைஸ், நைஸ்" என்றார், போய்விட்டார். பிறகு எங்கள் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

குலசிங்கம் சார் என்னைக் கூட்டிக்கொண்டு ஜூரோங்கில் மிஸ்டர் டானின் வாடிக்கையாளர் பட்டறை ஒன்றுக்கே போனார். நடுப்பகல். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சார் அவரிடம், "நீங்கள் சங்கிலிக் கடைக்காரருடைய சைட்டை எப்போ திறந்து பார்ப்பீங்கள்?" என்று கேட்டார்.

"சாமான் தூக்குறதுக்கு முன்னாடி சார். எந்தச் சங்கிலி எத்தனை டன் தாங்கும்னு பாக்கணும்ல."

"எங்கே நின்று பார்ப்பீங்கள்?"

"இங்கதான் சார். இந்த வெயில்லதான்."

சார் என் தொலைபேசியை வாங்கி எங்கள் மின்னல் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். வெயிலில் அந்தக் கறுப்புத் திரையில் அவருக்கு அவர் முகம்தான் தெரிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டு தரம் தட்டிப் பார்த்து, "சார்ஜ் இல்லீங்களா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் வெள்ளைப் பக்கம், கறுப்பில் பெரிய எண்கள், முதல் திரையிலேயே எத்தனை டன் என்கிற அட்டவணை. மிஸ்டர் டான் மேசையைத் தட்டினார். "இதான்! இதான் பவர்ஃபுல்!"

அன்றிலிருந்து 'ரிச்சா', 'மாடர்னா', 'கிராண்டா' என்று யார் சொன்னாலும் இடது பக்கத்தில் எழுதிக்கொண்டு உடனே கேட்பேன்: யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கே நின்று பார்ப்பார்கள்? பார்த்துவிட்டு என்ன செய்யவேண்டும்? ஒரு பிரியாணிக் கடைக்காரர் லோகோவைப் பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு என்று மூன்று தரம் சொன்னார். ஃபைசல் பல்லைக் கடித்தான். "பெரிசாக்கலைன்னா என்ன ஆகும் பாய்?" என்று கேட்டேன். "என் கடை போர்டை மறைச்சுச் சாரம் கட்டியிருக்காங்கம்மா. வர்றவங்க எல்லாம் பக்கத்துக் கடைக்குள்ள பூந்துடுறாங்க" என்றார். லோகோ பழைய அளவுக்கே வந்தது. சாரத்துக்கு அடியில் எப்படி நுழைவது என்று ஒரு புகைப்படம் போட்டோம். பாய் எங்கள் எல்லோருக்கும் பிரியாணி அனுப்பினார்.

இப்படியே பல வருடம் ஓடியது. எனக்கு வேலை கைவந்துவிட்டது. கைவந்ததுதான் ஆபத்து. கடைக்காரர் வாயைத் திறக்கும்போதே அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது தெரிந்த மாதிரி இருக்கும். நோட்டுப் புத்தகத்தில் நடுக்கோடு போடுவதை எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. இடது பக்கமே இல்லாமல், எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதிக்கொண்டு வரத் தொடங்கியிருந்தேன்.

அப்போதுதான் தங்கவேலுவும் கதிரவனும் வந்தார்கள்.

இருவரும் அண்ணன் தம்பி. அண்ணன் தங்கவேலுவுக்கு அறுபது இருக்கும். கதிரவனுக்கு ஐம்பது. லிட்டில் இந்தியாவில் ஆடை வாடகைக் கடை வைத்திருந்தார்கள். பரதநாட்டிய உடை, சலங்கை, நகை, வேட்டி, பாவாடை சட்டை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஜூலையில் பள்ளிக்கூடங்களில் இன நல்லிணக்க நாள் வரும் அல்லவா? சீனப் பிள்ளைகள் வேட்டி கட்டிக்கொண்டும் மலாய்ப் பிள்ளைகள் பொட்டு வைத்துக்கொண்டும் வருவார்களே, அந்த உடைகளில் பாதி இவர்கள் கடையிலிருந்து போனவைதான் என்று கதிரவன் பெருமையாகச் சொல்வார். ஆசிரியர்கள் ஜூன் விடுமுறைக்கு முன்பே பதிவுசெய்வார்கள். அதற்குள் இணையத்தளம் வேண்டும்.

முதல் நாள் கடைக்குப் போனபோதே விசித்திரமாக இருந்தது. அண்ணன் ஒரு மேசையில், தம்பி எட்டடி தள்ளி இன்னொரு மேசையில். நடுவே லெட்சுமி அக்கா வேட்டி மடித்துக்கொண்டிருந்தார். கடையில் நெடுநாளாக வேலை செய்பவர், தொலைபேசி எடுப்பவரும் அவர்தான்.

தங்கவேலு தொடங்கினார். "லெட்சுமி, முதல் பக்கத்துல நாட்டிய டிரஸ் போட்டோ பெரிசா வரணும்னு சொல்லு."

"முதல் பக்கத்துல புக்கிங் ஃபார்ம்தான் வரணும்னு சொல்லுங்கக்கா" என்றார் கதிரவன்.

லெட்சுமி அக்கா தலை நிமிரவில்லை. "ரெண்டும் கேட்டுச்சாம்மா? கேட்டிருக்கும். நான் வேற சொல்லணுமா?"

வெளியே வந்து என்னோடு சாலைவரை நடந்தபோது அக்கா விஷயத்தைச் சொன்னார். நாலு மாதத்துக்கு முன் தங்கவேலுவின் மகள் கல்யாணம். அன்று காலை ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவசரமாக ஆடை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. கதிரவன் போனார். திரும்பும்போது நேரமாகிவிட்டது. சட்டை மாற்றாமல், கடைப்பெயர் போட்ட டீஷர்ட்டோடு மண்டபத்துக்குள் ஓடிவந்தார். தாலி கட்டும் நேரம். சம்பந்தி வீட்டார் எதிரில் தங்கவேலு, "டெலிவரிக்காரன் மாதிரி வந்து நிக்கிறான் பாரு" என்று சொல்லிவிட்டார். கதிரவன் சாப்பிடாமலே போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை.

"கடை மட்டும் எப்படிக்கா ஓடுது?" என்று கேட்டேன்.

"நான் ஓட்டுறேன்" என்றார் அக்கா.

முகப்புப் பக்கத்துச் சண்டையைத் தீர்த்தது அவர்தான். ஒரு வாரம் தொலைபேசியில் வருகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துவைக்கச் சொன்னேன். இது குலசிங்கம் சாரின் வழக்கம். அக்கா ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்துக் கொடுத்தார். எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது, பள்ளிக்கே கொண்டுவருவீர்களா, துவைத்துத் தரவேண்டுமா. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கப்பட்டது: வேட்டி அவிழ்ந்துவிடுமா?

"அவுராது. நாங்க வெல்க்ரோ வெச்சுத் தெச்சிருக்கோம்" என்றார் அக்கா.

ஆகவே முகப்பில் ஒரு பையன் குதிக்கிற படமும், 'எங்கள் வேட்டி அவிழாது' என்ற வரியும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்தன. அண்ணனும் சிரித்தார், தம்பியும் சிரித்தார். தனித்தனியாகத்தான்.

குலசிங்கம் சாருக்குச் சில விதிகள் உண்டு. மாதிரிப் பக்கங்களைத் தாளில் அச்சிட்டு ஒரே ஒரு கோப்பில் வைத்துக் கொடுக்கவேண்டும். வாடிக்கையாளர் பேனாவால் அதில் எழுதவேண்டும். எத்தனை முதலாளிகள் இருந்தாலும் கோப்பு ஒன்றுதான், அவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு எழுதட்டும் என்பார். ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு விடுப்பில் போயிருந்தார். அண்ணன் எழுதிய கோப்பைத் தம்பி தொடமாட்டேன் என்றார். நான் இரண்டு கோப்பு கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமைதோறும் இரண்டையும் வாங்கிவந்து, இருவர் எழுதியதையும் சேர்த்து ஆங்கிலத்தில் சுருக்கமாகத் தட்டச்சு செய்வேன். அதை ஃபைசலுக்கும் சகோதரர்கள் இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்புவேன். அவர்கள் எழுதியது முழுக்க முழுக்கத் தமிழில், கோபம் கொப்பளிக்க இருக்கும். 'இந்த மஞ்சளைப் பார்த்தால் மஞ்சள்காமாலை மாதிரி இருக்கு. இது யார் யோசனைன்னு எனக்குத் தெரியும்' என்று அண்ணன் எழுதுவார். நான் 'மஞ்சள் நிறத்தைக் குறைக்கவும்' என்று போடுவேன். 'பெரிய மனுஷங்க போட்டோ எல்லாம் பெரிசா இருக்கு, வேலை செய்றவங்க போட்டோ சின்னதா இருக்கு' என்று தம்பி எழுதுவார். நான் 'படங்கள் ஒரே அளவில் இருக்கட்டும்' என்று போடுவேன். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன்.

'எங்கள் குழு' என்ற பக்கத்தில் ஒரு புகைப்படம் இருந்தது. ஃபைசல் படமெடுக்கப் போன நாளில் கதிரவன் அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியிருந்தார். அதே கடைப்பெயர் போட்ட டீஷர்ட். அண்ணன் பட்டுச்சட்டையில் ஒரு ஓரம், தம்பி டீஷர்ட்டில் மறு ஓரம், நடுவே லெட்சுமி அக்கா. அந்த வாரம் அண்ணன் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தார். நான் அதை ஒரே வரியாக்கினேன்: 'தம்பியின் டீஷர்ட் பொருத்தமாக இல்லை. குழுப் படத்தை மாற்றவும்.'

மறுநாள் காலை கதிரவன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது.

"மேடம், அந்தப் போட்டோவுல நான் வேணாம். என் பேரையும் எடுத்துடுங்க."

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. இன்னொரு விஷயம். எனக்குன்னு தனியா ஒரு சைட் போடணும்னா எத்தனை நாளாகும்? பேரு அப்புறம் சொல்றேன். இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

தனி இணையத்தளம் என்றால் தனிக் கடை. இரண்டு கடையானால் லெட்சுமி அக்கா எங்கே போவார் என்றுதான் முதலில் தோன்றியது. ஃபைசல் தன் பங்குக்கு அன்று மாலை என் மேசைக்கு வந்தான். "காக், இந்த வேலைய வேற யார்கிட்டயாவது குடுங்க. ஒன்பது தடவை மாத்திட்டேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரும் முன்னைவிடக் கோவமா இருக்காங்க. நான் என்ன தப்பு பண்றேன்னே தெரியல" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பாவம், கண் கலங்கியிருந்தது.

குலசிங்கம் சார் அடுத்த திங்கட்கிழமைதான் கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினார். நான் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கோப்பு கொடுத்ததையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் முடித்தபின்னும் பேசவில்லை. இத்தனை வருடம் மற்றவர்களுக்கு அவர் செய்ததை இப்போது எனக்குச் செய்கிறார் என்று தெரிந்தும், பத்தாவது விநாடியில் நானே வாயைத் திறந்தேன்.

"சார், அவங்க எழுதினதை நான் அப்படியே அனுப்பல. கொஞ்சம் நல்லபடியா மாத்தி அனுப்பினேன்."

"ஓம். இப்போ நோட்டுப் புத்தகத்தைக் காட்டும்."

காட்டினேன். கோடில்லாத பக்கங்கள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

"அவர்கள் எழுதின தாள்கள் எங்கே?"

நல்லவேளை, தாள்களை எறிவது எனக்குப் பழக்கமில்லை. பெட்டியை எடுத்து வந்தேன். தங்கவேலுவின் தாளை எடுத்துக் கொடுத்தேன்.

"நீரே வாசியும். சத்தமாக."

நீல மையில் சாய்வான கையெழுத்து. வாசித்தேன்.

"'இந்த போட்டோ வேண்டாம். தம்பி டீஷர்ட்டுல ஓரமா நிக்கக் கூடாது. அவனும் இந்தக் கடைக்கு முதலாளி. நல்ல சட்டை போட்டு, நடுவுல நிக்க வெச்சு எடுங்க.'"

'அவனும் முதலாளி' என்கிற இடத்தை நான் அன்று பார்க்காமல் இல்லை. டிசைனருக்கு எதற்கு அது, படத்தை மாற்றவேண்டும் என்றால் போதுமே என்று விட்டுவிட்டேன். ஆறு மாதமாக அந்த மனிதர் வாயால் சொல்ல முடியாததை எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் சுருக்கிவிட்டேன்.

"அவர் சொன்னதைக் கழுவிக் கொடுக்கச் சொல்லி உம்மை யார் கேட்டது?" என்றார் சார், குரலை உயர்த்தாமல். "ஒருவர் ஏன் மாற்றச் சொல்லுறார் என்கிறதை எடுத்துவிட்டால், மிச்சமிருக்கிறது கட்டளை மட்டும்தான். கட்டளை யாருக்குப் பிடிக்கும்?"

"நீங்க ஒரு தடவை அவங்ககிட்டப் பேசுறீங்களா சார்?"

"இல்லை. கழுவினது நீர். நீர்தான் போகவேணும்."

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே போய்விட்டேன். புகைப்படம் திரும்ப எடுக்கவேண்டுமே என்று ஃபைசலும் கேமராவோடு வந்தான். லெட்சுமி அக்கா எதிர்க் கடையிலிருந்து கோப்பி வாங்கி வைத்திருந்தார். அண்ணனும் தம்பியும் அவரவர் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில் நின்றேன்.

"ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்பு கேட்க வந்திருக்கேன்" என்றேன். "நீங்க எழுதினதை நான் என் இஷ்டத்துக்குச் சுருக்கி அனுப்பிட்டேன். முக்கியமானதை விட்டுட்டேன். கதிரவன் சார், போன வாரம் உங்களுக்கு வந்தது என்னோட வார்த்தை. உங்க அண்ணன் எழுதினது இது."

வாசித்தேன். சின்னக் கடை அது, ஒவ்வொரு வார்த்தையும் சுவரில் பட்டுத் திரும்பியது போலிருந்தது. தங்கவேலு கோப்பிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதிரவன் லெட்சுமி அக்கா பக்கம் திரும்பினார். "லெட்சுமிக்கா, இது அவரு எழுதினதுதானான்னு கேளுங்க" என்றார்.

லெட்சுமி அக்கா மடித்த வேட்டியை அடுக்கின்மேல் வைத்தார். "எட்டடியில உக்காந்திருக்காரு. நீயே கேளு தம்பி. எனக்கு இன்னும் நூறு வேட்டி மடிக்கக் கெடக்கு."

கதிரவன் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கினார். பார்த்தார். அண்ணன் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"நீங்க எழுதினதா?"

"என் கையெழுத்து ஒனக்குத் தெரியாதா?" என்றார் தங்கவேலு. அப்புறம் குரல் இறங்கியது. "கல்யாணத்தன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்னைய அனுப்புனதே நான்தான். அதையாவது சம்பந்திகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

"சரி, விடுங்கண்ணே."

"விடமுடியலையே. ஆறு மாசமா விடமுடியல."

ஃபைசலுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அவன் கேமராவைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பையனிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

முதலில் தேறியவர் கதிரவன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், நல்ல சட்டையெல்லாம் வேணாம். டீஷர்ட்டே இருக்கட்டும். டீச்சருங்க எல்லாருக்கும் என்னை இந்த டீஷர்ட்டுலதான் தெரியும். சைட்டுல பட்டுச் சட்டையோட நின்னா, டெலிவரிக்குப் போறப்ப வேற ஆளுன்னு ஸ்கூல் கேட்டுல நிறுத்திடுவாங்க."

இந்தக் காரணத்தை அவர் முதல் வாரமே சொல்லியிருந்தால், நான் எழுதியிருந்தால், எவ்வளவு மிச்சமாகியிருக்கும்! ஆனால் யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நடுவே கோடு போட்டேன். இடது பக்கத்தில் கதிரவன் சொன்னதை, கேட்டுல நிறுத்திடுவாங்க என்பதுவரை, அப்படியே எழுதினேன்.

தங்கவேலு நாற்காலியிலிருந்து எழுந்தார். உடை அலமாரிப் பக்கம் போய் எதையோ துழாவினார்.

"லெட்சுமி, அந்த டீஷர்ட்டு என் சைஸுல இருக்கா?"

"இருக்கிறதுலயே பெரிசு எக்ஸ்எல்" என்றார் அக்கா. தங்கவேலுவின் வயிற்றை ஒருதரம் கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, "முயற்சி பண்ணுங்க" என்றார்.

தங்கவேலு உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். கடைப்பெயர் நெஞ்சில் இழுத்துப் பிடித்து, எழுத்துகள் எல்லாம் பக்கவாட்டில் பெருத்திருந்தன. மூவரையும் கடை வாசலில் நிற்கவைத்தோம். அதற்குள் தெரு விழித்துவிட்டது. பூக்கடைக்காரர் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். லெட்சுமி அக்கா ஒதுங்கப் பார்த்தபோது, இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்கள்.

ஃபைசல் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினான். பிறகு இறக்கி, என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "காக், அந்தப் பெரியவரோட வயித்தைக் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் குறைச்சுடட்டுமான்னு கேளுங்க. கோவிச்சுக்குவாரா?"

அப்படியே தமிழில் சொன்னேன். கோபித்துக்கொள்வாரா என்று அவன் கேட்டதையும் சேர்த்து.

தங்கவேலு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பி, லெட்சுமி அக்காவைத் தாண்டி, தம்பியிடம் நேராகக் கேட்டார்.

"ரொம்பத் தெரியுதாடா?"

"தெரியுதுண்ணே" என்றார் கதிரவன். "தெரியட்டும். அப்பத்தானே நீங்கன்னு தெரியும்."

மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். லெட்சுமி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நொடியில் ஃபைசல் கேமராவை அழுத்தினான். ஒரே ஒரு தரம்தான் அழுத்தினான், அதற்கு மேல் எடுக்கத் தேவைப்படவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, "என்ன காக், என்ன பேசிக்கிட்டாங்க?" என்று கேட்டான்.

முழுசாகச் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. அந்த 'டா'வுக்கு ஆங்கிலத்தில் வார்த்தை இல்லாததால், அதை மட்டும் நின்று நிதானமாக விளக்கினேன்.